வீட்டுக் கணிப்பொறியைத் தொலைவிலிருந்து இயக்குதல்

தில்லியில் கரோல் பாக்கை ஒட்டிச் செல்லும் புசா ரோட்டுக்கு அப்பெயர் வந்தது, அருகிலுள்ள வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தால் ஆகும். 1905-ஆம் ஆண்டில் பீகாரிலுள்ள புசா என்னும் ஊரில் தொடங்கப்பெற்ற அந்நிலையம், 1934-ஆம் ஆண்டின் பெரும் நிலநடுக்கத்தில் கட்டடங்கள் சிதைந்தமையால், 1936-இல் தில்லிக்கு இடம் பெயர்ந்தது. ஊர்ப் பெயரையும் உடன் கொண்டு வந்தது. இவ்வளாகத்திலேயே அமைந்துள்ள இந்திய வேளாண் புள்ளியியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் 1964-இல் ஐ.பி.எம். 1620 என்னும் கணிப்பொறி நிறுவப்பட்டது. 1977-இல் அதனினும் ஆற்றல் மிக்க பரோஸ் பி-4700 வந்து சேர்ந்தது. நாடெங்கும் நடைபெற்ற பயிர்ச் சோதனைகளின் விவரங்களைக் கணித்துத் தந்த எந்திரங்கள் இவை.

அந்நாளில் கணிப்பொறியைப் பயன்படுத்த விரும்பியவர் கணிப்பொறி இருக்கும் இடத்துக்குச் செல்ல வேண்டும். அல்லது தம் விவரங்களை அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். எண்கள் அட்டைகளில் துளையிடப்பட்டு எந்திரத்துக்கு ஊட்டப்பட்டன. எந்திரம் குளிரூட்டப்பட்ட அறையில் இருந்தது. அதைப் பேணுவதற்கென்றே பயிற்சி பெற்ற பணியாளர் இருந்தனர்.

அதே நிறுவனத்தில் 2014-இல் ‘அசோகா’ என்னும் மீக்கணிப்பு மையம் தொடங்கி வைக்கப்பட்டது. பயிர், கால்நடை, மீன், நுண்ணுயிர், பூச்சி ஆகியவற்றின் மரபணு ஆராய்ச்சிக்காக அமைந்த மையம் அது. கர்னாலிலும் லக்னோவிலும் மவ் நகரிலும் பெங்களூரிலும் உள்ள வேளாண் நிறுவனங்கள் அதனுடன் வலையமைப்பால் இணைக்கப்பட்டன. ஆய்வாளர் தம் மேசையை விட்டு எழாமலே புசாவிலுள்ள எந்திரத்துக்கு வேலை இட முடிந்தது. அந்த எந்திரத் தொகுதியை இயக்குவது லினக்ஸ் என்னும் இயக்க அமைப்பு. உலகின் மிக விரைவான 500 கணிப்பொறிகளின் பட்டியலில் 2017 நவம்பர் முதல் இடம்பெற்று வருபவை அனைத்தும் லினக்ஸில் இயங்குபவையே.

அளவைச் சுருக்கிக்கொண்டால், இதே ஏற்பாட்டை ஒரு நடுத்தரக் குடும்பம் தன் வீட்டிலும் செய்துகொள்ள இயலும். மென்பொருளுக்குச் செலவில்லை, எந்திரம் பெரும்பாலும் முன்பே வீட்டில் இருக்கும். ஆயினும் புசாவில் குளிரூட்டிய அறையும் பணியாளரும் உள்ளனர். வீட்டில் அப்பணியாளர் நாமே. இதை மறந்து அமைக்கப்படும் வீட்டுச் சர்வர், உரிமையாளருக்கு உதவுவதற்கு முன்பே முன்பின் அறியாதவர்க்கு உதவத் தொடங்கிவிடும். எனவே இக்கட்டுரை அமைக்கும் முறையோடு காக்கும் முறையையும் சேர்த்தே கூறுகிறது.

யாருக்குப் பயன்?

புசா ரோட்டையும் அதனை அடுத்த ராஜேந்திர நகரையும் அறிந்தவர்க்கு இக்கேள்விக்கு விடை கூற வேண்டியதில்லை. குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் ஒரு கட்டிலும் ஒரு மேசையும் கொள்ளும் அறைகளில் தங்கியிருக்கின்றனர். அவர்களுள் தமிழ்நாட்டிலிருந்து வந்தோரும் பலர். கரோல் பாக் வட்டாரம் தமிழருக்குப் புதியதன்று. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்று புசா ரோட்டிலேயே உள்ளது. கும்பகோணத்து வீட்டில் ஒரு மேசைக் கணிப்பொறி இருக்கிறது. அதில் குடும்பத்தின் புகைப்படங்கள், பட்டா நகல்கள், தந்தையின் ஓய்வூதியக் கணக்கு, மாணவரின் ஐந்தாண்டுக் குறிப்புகள் எல்லாம் உள்ளன என்று கொள்வோம். மாணவர் கையில் உள்ளது விலை குறைந்த ஒரு மடிக்கணிப்பொறி. ஊரிலுள்ள எந்திரத்தின் திரையைத் தில்லி அறையில் காண முடிந்தால், அந்தச் சிறு மடிக்கணிப்பொறி போதுமானதாகிவிடும். மடிக்கணிப்பொறி திருட்டுப் போனாலும் குறிப்புகள் போகமாட்டா.

மாற்றலுக்கு உட்பட்ட அரசு அலுவலர் நிலையும் இதுவே. ஆனால் அலுவலர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். அலுவலகக் கோப்புகளை வீட்டுச் சர்வரில் வைக்கலாகாது. அவற்றுக்கு அரசின் வலையமைப்பும் அதற்குரிய விதிகளும் உள்ளன. இங்குக் கூறப்படுவது சொந்த ஆவணங்களுக்கு மட்டுமே.

பழைய எந்திரம் போதும்

சர்வர் என்றதும் பெரிய எந்திரத்தை எண்ண வேண்டியதில்லை. பிற கணிப்பொறிகள் கேட்பதை எடுத்துத் தரும் எந்தக் கணிப்பொறியும் சர்வரே. விண்டோஸ் 10 இயக்க அமைப்புக்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றது. அதற்கு அடுத்த பதிப்பை ஏற்க இயலாத, ஆனால் பழுதில்லாத எந்திரங்கள் பல வீடுகளில் உள்ளன. அவற்றை மின்கழிவாக ஒதுக்குமுன் லினக்ஸை நிறுவிப் பார்ப்பது நன்று. 64 பிட் செயலி, 4 ஜி.பி. நினைவகம், சுழலும் தட்டுக்கு மாற்றாக ஒரு சிறிய எஸ்.எஸ்.டி. சேமிப்பகம் ஆகியன இருந்தால் தொடங்கலாம். நினைவகம் 8 ஜி.பி. ஆக இருப்பின் வசதி.

மின்செலவைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். 80 வாட் கொள்ளும் பழைய மேசைக் கணிப்பொறி இரவும் பகலும் இயங்கினால் மாதம் 57 யூனிட்டுக்குச் சற்று மேல் ஆகும். 15 வாட் கொள்ளும் சிறிய பெட்டிக் கணிப்பொறி 11 யூனிட்டுக்குள் நிற்கும். ஆகவே இலவசமாகக் கிடைத்த பழைய எந்திரம் இரண்டு மூன்று ஆண்டுகளில் இலவசமாக இராது. பழைய மடிக்கணிப்பொறி நல்ல இடைவழி: மின்சாரம் குறைவு, மின்கலமே சிறிது நேரம் மின்தடையைத் தாங்கும். ஆனால் உப்பிய மின்கலம் உள்ள மடிக்கணிப்பொறியை ஆளில்லாத வீட்டில் இயங்க விடுவது தீ விபத்துக்கு வழிவகுக்கும்.

லினக்ஸ் என்பது என்ன என்பதை மாணவர்க்காகச் சுருக்கமாகக் கூறலாம். 1991-இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய கருநிரலே லினக்ஸ். 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டத்தின் கருவிகள் அதனுடன் சேர்ந்து முழு இயக்க அமைப்பாயின. எவரும் அதன் மூலநிரலைப் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். இதனைத் தொகுத்து வழங்குவோர் பலர். டெபியன், உபுண்டு ஆகியன பரவலாக அறியப்பட்டவை. டெபியனை அடிப்படையாகக் கொண்டு நம் நாட்டில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ தொகுப்பு, இந்திய மொழிகளுக்கான வசதிகளுடன் வந்தது. திறந்தமூல மென்பொருளை அரசு அமைப்புகளில் ஏற்பதற்கான கொள்கையை மத்திய அரசு 2015-இல் வெளியிட்டது.

வீட்டுச் சர்வருக்குப் புதுமையைவிட நிதானமே முக்கியம். டெபியனின் நிலைப்பதிப்பையோ, உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பையோ தெரிந்தெடுப்பது நலம். இதற்கு அண்மைக்காலச் சான்று ஒன்றுண்டு. 2024 மார்ச் இறுதியில், எக்ஸ்.இசட். என்னும் சிறிய சுருக்க மென்பொருளின் இரு புதிய பதிப்புகளில் எவரோ மறைவான கள்ளவழி ஒன்றைப் புகுத்தியிருந்தது வெளிப்பட்டது. தொலைவிலிருந்து உள்நுழையும்போது அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்த ஆந்த்ரேஸ் ஃபிராய்ண்ட் என்னும் பொறியாளர் அதைக் கண்டுபிடித்தார். புதியவற்றை உடனுக்குடன் ஏற்ற சோதனைப் பதிப்புகளில் அம்மென்பொருள் நுழைந்திருந்தது. டெபியனின் நிலைப்பதிப்பில் நுழையவில்லை.

நிறுவும் முறை கடினமானதன்று. இணையத்திலிருந்து நிறுவற் கோப்பை இறக்கி, அதன் சரிபார்ப்பு எண் வெளியீட்டாளர் தந்துள்ள எண்ணோடு ஒத்துள்ளதா எனப் பார்த்து, பென் டிரைவில் எழுதி, அதிலிருந்து கணிப்பொறியைத் தொடங்க வேண்டும். அதன்பின் திரையில் வரும் வினாக்களுக்கு விடை தந்தால் போதும். மேசைச் சூழலைத் தெரிவு செய்யுமாறு கேட்கும்போது எக்ஸ்.எஃப்.சி.இ. என்னும் எளிய சூழலைத் தேர்வது நன்று. ஆடம்பர அசைவுகள் இல்லாமையால் தொலைவிலிருந்து பார்க்கும்போதும் அது தளராது.

பிறகு மூன்று சிறு வேலைகள் உண்டு. இவற்றைச் செய்யாது ஊரை விட்டுக் கிளம்பியவர் பலர் தில்லி வந்து வருந்தியுள்ளனர். கணிப்பொறி தானே உறங்கிவிடும் ஏற்பாட்டை முற்றிலும் நிறுத்த வேண்டும். சில மேசைச் சூழல்களில் எவரும் திரைமுன் உள்நுழையாதிருந்தால் இருபது நிமிடத்தில் எந்திரம் உறங்கப் போய்விடுகிறது. அடுத்து, மின்சாரம் போய் மீண்டும் வந்தால் எந்திரம் தானே இயங்கத் தொடங்குமாறு அதன் அடிப்படை அமைப்பில் குறிக்க வேண்டும். மூன்றாவதாக, மானிட்டரையும் விசைப்பலகையையும் கழற்றிவிட்டு ஒருமுறை அணைத்து இயக்கிப் பார்க்க வேண்டும். திரை இணைக்கப்படாவிட்டால் தொடங்க மறுக்கும் எந்திரங்கள் உள்ளன.

சேமிப்பகத்தைச் சங்கேதமாக்குவது பற்றியும் இங்கே கூற வேண்டும். சங்கேதமாக்கினால் எந்திரத்தைத் திருடியவர் கோப்புகளைப் படிக்க இயலாது. ஆனால் முழுச் சேமிப்பகத்தையும் சங்கேதமாக்கினால், மின்தடைக்குப்பின் எந்திரம் கடவுச்சொல்லைக் கேட்டு நின்றுவிடும். அதை அடித்துத் தர ஊரில் ஆள் வேண்டும். இயக்க அமைப்பைத் திறந்தே விட்டு, ஆவணங்கள் உள்ள பகுதியை மட்டும் சங்கேதமாக்கி, எந்திரம் எழுந்தபின் தொலைவிலிருந்தே அதைத் திறந்துகொள்வது நடைமுறைக்கு ஒத்தது என்பது என் கருத்து.

திரையும் கதவும்

எழுத்தால் மட்டும் கட்டளையிடும் வழி எஸ்.எஸ்.எச். எனப்படும். 1995-இல் ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், வலையமைப்பில் சென்ற கடவுச்சொற்களை எவரோ ஒட்டுக்கேட்டுத் திருடியதை அடுத்து, டாட்டு யூலோனென் என்பவர் இதனை உருவாக்கினார். இருபுறமும் செல்லும் செய்தி முழுவதும் சங்கேதமாகச் செல்லும். கடவுச்சொல்லுக்கு மாற்றாகச் சாவி இணையைப் பயன்படுத்தலாம்: தனிச்சாவி நம் மடிக்கணிப்பொறியிலேயே இருக்கும், பொதுச்சாவி சர்வரில் வைக்கப்படும். பொதுச்சாவியை எவர் கண்டாலும் கேடில்லை. சாவியால் நுழைவது சரியாக நடைபெறுகிறது என்று உறுதி செய்தபின், கடவுச்சொல்லால் நுழையும் வழியை அடைத்துவிட வேண்டும். மாற்றம் செய்யும்போது முன்பு திறந்த இணைப்பை மூடாமல் வைத்துக்கொண்டு, வேறொரு சாளரத்தில் புதிதாக நுழைந்து பார்ப்பது அறிவுடைமை.

திரை முழுவதையும் தொலைவில் காட்டும் வசதியை இங்குத் தொலைத்திரை என்று குறிப்போம். இதற்கு இரு பெருவழிகள் உள்ளன. ஒன்று கேம்பிரிட்ஜில் ஒலிவெட்டி ஆய்வகத்தில் பிறந்த வி.என்.சி.; திரையிலுள்ள படத்தை அப்படியே நகலெடுத்து அனுப்புவது. மற்றொன்று ஆர்.டி.பி.; விண்டோஸ் என்.டி. 4.0 காலத்தில், 1998-இல், மைக்ரோசாஃப்ட் அளித்தது. லினக்ஸில் இதே மொழியைப் பேசும் எக்ஸ்ஆர்டிபி என்னும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. இதனை நிறுவினால் விண்டோஸில் முன்பே உள்ள தொலைத்திரைப் பயன்பாட்டாலேயே லினக்ஸ் எந்திரத்தை அடையலாம். லினக்ஸ் மடிக்கணிப்பொறியில் ரெமினா என்பது அவ்வேலையைச் செய்யும். எக்ஸ்ஆர்டிபி ஒவ்வொரு பயனருக்கும் தனியே ஒரு திரையை உருவாக்கித் தருகிறது. ஊரில் தங்கை எந்திரத்தின் முன் அமர்ந்து ஒரு பெயரில் வேலை செய்ய, தில்லியில் அண்ணன் வேறு பெயரில் வேலை செய்யலாம். இருவரும் ஒரே பெயரில் நுழைந்தால் வெறும் கறுப்புத் திரை வருவதுண்டு. அதைப் பழுது எனக் கருதி மென்பொருளை நீக்கியவர்கள் உண்டு. ஆளுக்கொரு பயனர்க் கணக்கு வைத்தால் தொல்லை தீரும்.

தமிழில் தட்டெழுதுவோர்க்கு ஒரு குறிப்பு. தமிழ் 99 விசைப்பலகை அமைப்பைச் சர்வரில் மட்டும் வைத்துக்கொண்டு, கையிலுள்ள மடிக்கணிப்பொறியை ஆங்கில விசை நிலையிலேயே விட்டுவிட வேண்டும். இருபுறமும் தமிழ் வைத்தால் எழுத்துகள் குழம்பும்.

வேகத்தைப் பற்றிய ஐயம் பலர்க்கு உண்டு. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். தமிழ்நாட்டுக்கும் தில்லிக்கும் இடையே கம்பித் தொலைவு 2,000 கிலோமீட்டர் என்று கொண்டால், ஒருவழிப் பயணம் விநாடியில் நூறில் ஒரு பங்கே. இடையிலுள்ள நிலையங்களில் தாமதம் கூடினாலும் எழுத்து வேலைக்கு அது தெரியாது. திரைப்படம் பார்க்க மட்டும் இம்முறை ஏற்றதன்று. இங்கு வேகத்தைத் தீர்மானிப்பது ஊர் வீட்டு இணைப்பின் பதிவேற்ற வேகம். விளம்பரங்களில் பெரிய எழுத்தில் அச்சிடப்படும் பதிவிறக்க வேகம் அன்று.

இனி அபாயத்துக்கு வருவோம். கணிப்பொறிக்குள் நுழையும் வழிகளுக்கு வாயில் எண்கள் உண்டு. எஸ்.எஸ்.எச்.-க்கு 22, ஆர்.டி.பி.-க்கு 3389, வி.என்.சி.-க்கு 5900. ரவுட்டரில் ஒரு வரி எழுதினால் இவ்வாயில்கள் உலகிற்குத் திறந்துவிடும். இணையத்தில் பல வழிகாட்டிகள் இவ்வாறே செய்யுமாறு கூறி முடித்துவிடுகின்றன. அவ்வாறு திறந்தவர் மறுநாள் சர்வரின் பதிவேட்டைப் பார்த்தால், பெயரறியாத இடங்களிலிருந்து நூற்றுக்கணக்கான கடவுச்சொல் முயற்சிகளைக் காண்பார். அவற்றைச் செய்பவர் மனிதர் அல்லர். முகவரிகளை வரிசையாகத் தட்டிப் பார்க்கும் நிரல்கள். கும்பகோணத்து வீட்டின் மீது அவற்றுக்குத் தனிப்பகை ஒன்றும் இல்லை. கடவுச்சொல் வலிமையானது என்னும் தைரியமும் முழுமையானதன்று. 2019 மே மாதத்தில் விண்டோஸின் பழைய பதிப்புகளது ஆர்.டி.பி. சேவையில் ‘புளூகீப்’ என்னும் குறை வெளியானது. கடவுச்சொல்லே இன்றி உள்ளே நுழைய அது இடமளித்தது.

ஆகவே திரைக்கு ஒரு வழியும் கதவுக்கு ஒரு வழியும் எனப் பிரித்துவிட வேண்டும். தொலைத்திரையின் வாயில் தெருவைப் பார்த்திருக்கலாகாது. வீட்டினுள் மட்டுமே திறக்க வேண்டும். வெளியிலிருந்து வருபவர் முதலில் வேறொரு வலிய கதவைக் கடந்து உள்ளே வந்தபின் திரையை அணுகட்டும். எஸ்.எஸ்.எச். இணைப்பினுள்ளேயே ஒரு சுரங்கம் அமைக்கலாம்: மடிக்கணிப்பொறியின் 3390 என்னும் வாயிலில் இடுவது, சங்கேதமாகப் பயணித்து, சர்வரின் 3389-இல் வெளிப்படும். இதனினும் வசதியானது வயர்கார்டு. ஜேசன் டோனன்ஃபெல்ட் என்பவர் உருவாக்கிய இது, 2020 மார்ச்சில் வெளியான 5.6 பதிப்பு முதல் லினக்ஸ் கருநிரலிலேயே இடம்பெற்றுள்ளது. உரிய சாவி இல்லாதவர் தட்டினால் இது விடையே தராது. கதவு இருப்பதையே தட்டுபவர் அறியமாட்டார்.

ஃபயர்வால் எனப்படும் தடுப்பை இயக்கும் வரிசையிலும் கவனம் தேவை. தொலைவிலிருந்து அதை இயக்குபவர், எஸ்.எஸ்.எச்.-க்கும் வயர்கார்டுக்கும் முதலில் அனுமதி எழுதிவிட்டுப் பிறகே தடுப்பை இயக்க வேண்டும். இவ்வரிசையை மாற்றிச் செய்து, தில்லியில் இருந்துகொண்டே என் எந்திரத்துக்கு வெளியே நானே பூட்டப்பட்டேன். ஊரிலிருந்த தம்பி, பரணிலிருந்து பழைய விசைப்பலகையை எடுத்து இணைத்து, தொலைபேசியில் நான் எழுத்தெழுத்தாகச் சொன்ன கட்டளையை அடித்து விடுவித்தான். அவன் வேதியியல் படித்தவன். ஒரு காற்புள்ளிக்காக அரை மணி நேரம் வாதிட்டோம். அதன்பின் நான் கைக்கொண்ட வழக்கம் இது: தடுப்பில் மாற்றம் செய்யுமுன், பத்து நிமிடத்தில் தடுப்பைத் தானே நீக்கிவிடும் கட்டளையை முன்கூட்டியே எந்திரத்தில் பதிந்து வைப்பது. எல்லாம் சரியாக இருந்தால் அக்கட்டளையை ரத்து செய்யலாம்.

மாறும் முகவரி

வீட்டுக்குள் எந்திரம் அமைந்துவிட்டது. அதைத் தில்லியிலிருந்து எவ்வாறு கண்டுபிடிப்பது? மாற்றலில் செல்லும் அலுவலர் புதிய குடியிருப்பின் முகவரியைத் தபால் நிலையத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்வதுபோன்ற ஏற்பாடு ஒன்று இங்கும் தேவைப்படுகிறது. பெரும்பாலான வீட்டு இணைப்புகளுக்கு நிலையான ஐ.பி. முகவரி தரப்படுவதில்லை. முகவரி மாறும்போதெல்லாம் ஒரு நிலையான பெயருக்கு எதிரே புதிய முகவரியைப் பதிந்துகொள்ளும் சேவைகள் உள்ளன. ரவுட்டரோ சர்வரோ அப்பதிவை அவ்வப்போது தானே புதுப்பிக்கும்.

இதனினும் பெரிய தடை வேறொன்று. பழைய வகை ஐ.பி. முகவரிகள் மொத்தம் ஏறத்தாழ 429 கோடியே. ஆசிய-பசிபிக் பகுதிக்குரிய பொது இருப்பு 2011 ஏப்ரலிலேயே இறுதிப் பங்கை எட்டிவிட்டது. எனவே இணைப்பு நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னே வைக்கின்றன. ஒரே கதவு எண்ணில் பல குடித்தனங்கள் இருக்கும் கட்டடத்தைப் போன்றது இது. வீட்டிலிருந்து வெளியே செல்லலாம். வெளியிலிருந்து வருவோர்க்கு எந்தக் குடித்தனம் என்று தெரியாது. ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் காணும் முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், அவ்வீடு இத்தகைய பொதுக் கதவுக்குப் பின்னே உள்ளது என அறியலாம். மாதங்கள் பல முயன்றும் தம் சர்வரை வெளியிலிருந்து அடைய முடியாதவர்களின் இடர்ப்பாட்டுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ஆனால் அவர்கள் குறை கூறுவது லினக்ஸை.

தீர்வுகள் உள. கூடுதல் கட்டணத்தில் நிலையான முகவரியைக் கேட்டுப் பெறலாம். இணைப்பு ஐ.பி.வி6 என்னும் புதுவகை முகவரியை அளிக்குமாயின், அதில் ஒவ்வொரு கருவிக்கும் தனித்த பொது முகவரி உண்டு; இந்தியா அதனைப் பேரளவில் ஏற்றுக்கொண்ட நாடுகளுள் ஒன்று. அப்போது ரவுட்டரின் ஐ.பி.வி6 தடுப்பில் வயர்கார்டுக்கு மட்டும் வழி விட வேண்டும். தடுப்பை முழுவதும் நீக்கலாகாது. இவை இரண்டும் கைகூடாவிடில், மாத வாடகைக்குச் சிறியதொரு சர்வரை எங்கேனும் எடுத்து, வீட்டு எந்திரம் அதனுடன் தானே தொடர்பு கொள்ளுமாறும் நாமும் அங்கே சென்று சேருமாறும் செய்யலாம். இவ்வேலையை எளிதாக்கித் தரும் டெயில்ஸ்கேல் போன்ற சேவைகளும் உண்டு. எந்தக் கருவி யாருடையது என்பதைக் கூறும் பொறுப்பு அவற்றில் பிறரிடம் செல்கிறது. அதை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம்; ஆனால் தெரிந்து ஏற்க வேண்டும்.

நாளும் பேணுதல்

பாதுகாப்புத் திருத்தங்களை எந்திரம் தானே ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு டெபியனிலும் உபுண்டுவிலும் உண்டு. அதை முதல் நாளே இயக்கிவிட வேண்டும். மாதம் ஒருமுறை பதிவேட்டைப் பார்ப்பதும், சேமிப்பகத்தில் எவ்வளவு இடம் எஞ்சியுள்ளது என நோக்குவதும் போதும். தமிழ்நாட்டில் ஈரமும், வடக்கே மே, ஜூன் மாதங்களில் வீசும் ஆந்தி என்னும் புழுதிக் காற்றும் எந்திரத்துக்குப் பகை. தில்லியில் மொட்டைமாடி அறையாகிய பர்சாத்தியில் சர்வர் வைப்போர், வெயில் 45 பாகையைத் தொடும் நாட்களில் அது தானே அணைந்துபோவதைக் கண்டிருப்பர். ரவுட்டருக்கும் இன்வர்ட்டர் இணைப்பு தர மறக்கலாகாது. சர்வர் விழித்திருந்து ரவுட்டர் உறங்கினால் பயனில்லை.

பிறருடைய விவரங்களைப் பற்றியும் ஒரு சொல். சொந்த அல்லது குடும்பத் தேவைக்காக ஒருவர் வைத்திருக்கும் விவரங்களுக்கு 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது. அதே எந்திரத்தில் ஒரு தனிப்பயிற்சி நிலையத்தின் மாணவர் பட்டியலை வைத்து நடத்தத் தொடங்கினால் நிலைமை வேறாகும்.

எல்லாவற்றினும் அதிகம் புறக்கணிக்கப்படுவது பிரதி எடுத்தல். ஒரே எந்திரத்தில் இரு சேமிப்பகங்களை இணைத்து இரண்டிலும் ஒன்றையே எழுதுமாறு செய்துவிட்டு, பிரதி இருப்பதாகப் பலர் நிம்மதி அடைகின்றனர். தவறுதலாக அழித்த கோப்பு அதே நொடியில் இரண்டிலும் அழியும். திருடர் வந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். மூன்று பிரதிகள், இரு வேறு வகைச் சாதனங்களில், அவற்றுள் ஒன்று வேறு ஊரில் என்பது அனுபவமுள்ளோர் கைக்கொள்ளும் கணக்கு. கும்பகோணத்து எந்திரத்தின் பிரதி புசா ரோட்டு அறையிலுள்ள ஒரு சிறு வெளிச்சேமிப்பகத்தில் இரவுதோறும் வந்து சேருமாறு செய்யலாம். மாறியவற்றை மட்டும் அனுப்பும் ஆர்சிங்க், சங்கேதமாக்கியே சேமிக்கும் ரெஸ்டிக் போன்ற மென்பொருள்கள் இதற்கு உள்ளன. ஆண்டுக்கு இருமுறையேனும் அப்பிரதியிலிருந்து ஒரு கோப்பை மீட்டுத் திறந்து பார்க்க வேண்டும். சங்கேதக் கடவுச்சொல்லையும், எந்திரத்தை நிறுத்தி இயக்கும் முறையையும் ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் பெட்டியில் வைத்துவிட்டு அம்மாவிடமும் சொல்லி வைப்பது நல்லது. அப்பாவின் ஓய்வூதியக் கணக்கு தேவைப்படும் நாளில் பிள்ளை தில்லியில் தேர்வு எழுதிக்கொண்டிருக்கக்கூடும்.